விட்டுப்போன நாளைக் கடனாக எழுதாதீர்கள்

நாளுக்கு ஒரு பக்கம் எழுதிப் பழகத் தொடங்கியிருக்கும் இளைய நண்பர் ஒருவர், சென்ற வாரம் தம் குறிப்பேட்டைக் காட்டினார். ஓரத்தில் சிவப்பு மையில் ‘பாக்கி: 9 பக்கம்’ என்றிருந்தது. 12 ஆண்டுகளுக்கு முன் என் குறிப்பேட்டிலும் அதே சொல் இருந்ததால், சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. சோம்பல் கூடாது என்பதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. புதிய பழக்கம் ஒன்றை ஏற்படுத்திக்கொள்ள அக்கறையோடு முயல்பவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

விட்டதை ஈடுகட்டுவது

நாளுக்கு இரண்டு பக்கம் வாசிப்பது என்று நான் தொடங்கினேன். மூன்று வாரம் தடையின்றி நடந்தது. பிறகு காய்ச்சலில் இரண்டு நாள் விட்டுப்போயிற்று; மூன்றாம் நாள் ஆறு பக்கம் வாசித்தே தீர வேண்டும் என்று கணக்குப் போட்டேன். நான்காவது பக்கத்திலேயே கண் செருகியதால் ‘பாக்கி 2’ என்று எழுதிவிட்டுப் படுத்தேன். மறுநாள் நான்கு பக்கம் என்று நினைத்தபோதே புத்தகத்தை எடுக்கத் தோன்றவில்லை. அடுத்த ஒரு வாரத்தில் பாக்கி 18 ஆயிற்று. பதினெட்டுப் பக்கம் ஒரு மணி நேர வேலைதான். ஆனால் அந்தக் குறிப்பேட்டைத் திறக்கவே கூசி, எட்டு மாதம் அதைத் தொடாமல் இருந்தேன். எவ்வளவு களைத்த நாளிலும் முடிந்துவிடும் என்பதுதான் அந்த இரண்டு பக்கத்தின் பலம். கடனைச் சேர்த்து அந்தப் பலத்தை நானே கெடுத்துக்கொண்டேன்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 84 நாள் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இடையே ஒரு நாள் விட்டுப்போவது பழக்கம் படிவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்று கண்டார்கள். ஒன்றுமில்லாத ஒன்றுக்கு அஞ்சி எட்டு மாதத்தைத் தொலைத்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. விட்ட நாளின் கட்டத்தை வெறுமையாக விட்டு, மறுநாள் வழக்கமான அளவை மட்டும் செய்யுங்கள்.

21 நாள் கணக்கு

முக அறுவைக்குப் பின் புதிய தோற்றத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற மருத்துவர் 1960-இல் எழுதினார். அதுவே ‘21 நாளில் எந்தப் பழக்கமும் வரும்’ என்று திரிந்துவிட்டது. மேலே சொன்ன ஆய்வில் பழக்கம் படிய ஆன காலத்தின் இடைநிலை மதிப்பு 66 நாள்; அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, மீதிப் பேருக்கு அதிகம். ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணித்தார்கள். ஆகவே 22-ஆம் நாளும் கடினமாக இருந்தால், குறை உங்களிடம் இல்லை.

நேரம் கிடைக்கும்போது செய்வது

கிடைக்காது. பல் துலக்கியவுடன் என்பதுபோல, ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒன்றை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து பழக்கங்களை ஒன்றாகத் தொடங்குவது

வேண்டாம்.

அளவை அவசரமாகக் கூட்டுவது

நண்பரிடம், 9 என்ற எண்ணை அடித்துவிட்டு அன்றைய ஒரு பக்கத்தை மட்டும் எழுதச் சொன்னேன். உற்சாகத்தில் மூன்று பக்கம் எழுதியதாக மறுநாள் பெருமையோடு தெரிவித்தார். நாளைக்கும் ஒன்றுதான் என்று அவருக்கு மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.