கோலாலம்பூரிலிருந்து பேங்காக்குக்கு: தனியாகச் செல்லும் முதல் ரயில் பயணத்துக்கு ஆயத்தமாவது

வெளிநாட்டில் தனியாக, முதுகில் ஒரு பையுடன், ரயிலிலேயே ஊர் ஊராகச் செல்ல நினைப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவைத்தான் முதலில் எண்ணிப் பார்க்கிறார்கள். விசாவுக்கான காத்திருப்பையும் செலவையும் கணக்கிட்டபின் அந்த எண்ணம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது. முதல் பயணத்துக்குக் கோலாலம்பூரில் தொடங்கிப் பேங்காக்கில் முடியும் பாதையையே நான் பரிந்துரைப்பேன். வழியில் ஒரே ஓர் எல்லைதான் இருக்கிறது. இரு நகரங்களுக்கும் சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டு. முதல் இரண்டு மூன்று நாள்கள் தமிழ் பேசியே சமாளித்துவிடலாம். ஒரு நகரில் இறங்கி மற்றொரு நகரிலிருந்து திரும்புமாறு விமானச்சீட்டு எடுத்தால், வந்த வழியே திரும்பும் வீண் அலைச்சலும் இல்லை. பத்து முதல் பன்னிரண்டு நாள்கள் போதுமானவை.

ஆயத்தத்தில் பெரும்பகுதி, ரயிலுக்குள் இருக்கும் நேரத்தைப் பற்றியது அல்ல. உட்கார்ந்துவிட்டால் ரயில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஒரு ரயிலிலிருந்து இறங்கி அடுத்த ரயிலில் ஏறும்வரை உள்ள இடைவெளிகளில்தான் தனியாகச் செல்பவர் தடுமாறுகிறார். திட்டமிட வேண்டியதும் அவற்றைத்தான்.

முதலில் தாள்கள். கடவுச்சீட்டு நாடு நுழையும் நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கேனும் செல்லுபடியாக வேண்டும். அண்மை ஆண்டுகளில் இரு நாடுகளும் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு விசா விலக்கு அளித்துவந்தாலும், இத்தகைய சலுகைகள் அறிவிப்புகளால் நீள்பவை, அறிவிப்புகளாலேயே முடிபவை. ஆகவே சீட்டு எடுக்கும் முன்பும் புறப்படும் வாரத்திலும் அரசுத் தளங்களிலேயே நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விசா தேவைப்படாவிட்டாலும் மின்வழி வருகைப் பதிவு தேவை. மலேசியாவுக்கான பதிவை நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் செய்ய வேண்டும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இதே முறையைக் கொண்டுவந்துவிட்டது. விமானத்தில் வருவோருக்கு மட்டுமின்றி, தரைவழி வருவோருக்கும் அது பொருந்தும். இரண்டு பதிவுகளும் கட்டணமற்றவை என்பதால், பணம் கேட்கும் தளத்தைக் கண்டால் அது போலி அல்லது இடைத்தரகு என்று புரிந்துகொண்டு வெளியேறிவிடலாம். திரும்பும் விமானச்சீட்டு, முதல் இரவுக்கான தங்குமிட உறுதிச்சீட்டு ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டு வைத்திருங்கள். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்துவிட்டதென்று சோதனை மேடையில் சொல்வது எடுபடாது.

நாள் குறிக்கும்போது இரண்டைப் பார்க்க வேண்டும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், ஏப்ரல் 13 முதல் 15 வரையிலான சொங்க்ரான் ஆகிய விடுமுறைக் காலங்களில் ரயில் இருக்கைகள் வெகு முன்பே தீர்ந்துவிடும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை தென் தாய்லாந்தில் வெள்ளம் கொண்டுவரும். 2025 நவம்பரில் ஹாட் யாய் நகரமே மூழ்கியது. பிப்ரவரி, மார்ச் மாதங்கள் எளிதானவை.

பை ஏழு கிலோவுக்குள் இருக்கட்டும். மலிவு விமானங்கள் கையில் கொண்டுசெல்ல அனுமதிக்கும் எடை பொதுவாக அவ்வளவுதான் என்பது ஒரு காரணம். பையைத் தலைக்கு மேலுள்ள தட்டில் ஏற்றவும், கழிப்பறைக்குப் போகும்போது அதைக் காவல் காக்கவும் உடன் ஒருவர் இல்லை என்பது இன்னும் பெரிய காரணம். மூன்று நாள்களுக்கான உடைகளை எடுத்துக்கொண்டு துவைத்துத் துவைத்து உடுத்துவதே நடைமுறைக்கு ஏற்றது. கடவுச்சீட்டும் பணமும் முதுகுப்பையில் அல்லாமல் உடலோடு ஒட்டிய சிறுபையில் இருக்க வேண்டும். பவர் பேங்கை விமானத்தின் சரக்குப் பகுதிக்கு அனுப்பக் கூடாது. 100 வாட் மணிக்குள் உள்ளதைக் கையிலேயே கொண்டுசெல்லுங்கள். மலேசியாவின் மின்செருகிகளுக்கு மூன்று தட்டைமுனைகள் இருப்பதால் அதற்கு இணைப்பி வேண்டும். தாய்லாந்தில் நம் இருமுனைச் செருகி பெரும்பாலும் பொருந்திவிடும். மின்சிகரெட் தாய்லாந்தில் தடைசெய்யப்பட்ட பொருள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டு வங்கி அட்டைகளை வெவ்வேறு இடங்களில் வைத்து, வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு அவற்றை முன்கூட்டியே திறந்துவிடுங்கள். தாய்லாந்தின் ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டைகளுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பதால், சிறிது சிறிதாக எடுப்பது நட்டம்.

கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து விரைவு ரயில் அரை மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரலில் சேர்த்துவிடும். அதை ஒட்டியே பிரிக்ஃபீல்ட்ஸ் இருக்கிறது. மலாயா ரயில்வேயில் பணியாற்றிய தமிழர்களும் யாழ்ப்பாணத்தவரும் குடியிருந்த பழைய பகுதி அது. வாழையிலைச் சாப்பாடும் தமிழ்ப் பலகைகளும் இன்றும் அங்கே உண்டு. முதல் இரவை இங்கே வைத்துக்கொண்டால், பயணத்தின் மிக அயர்ந்த பொழுதில் மொழிச் சிக்கல் சேராது.

வடக்கே செல்ல இடிஎஸ் எனப்படும் மின்தொடர் ரயில்கள் இருக்கின்றன. ஈப்போவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசாருக்கு ஐந்தரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். ஒரே மூச்சில் போக வேண்டியதில்லை. பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகேறிப் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இரண்டு இரவுகள் தங்கி, பிறகு பட்டர்வொர்த்துக்குத் திரும்பி, கொம்யூட்டர் எனப்படும் குறுந்தூர ரயிலில் எல்லைக்குச் செல்வது நல்லது. எல்லை நாள் அன்று நெடுந்தூரத்திலிருந்து வந்து சேர வேண்டிய பதற்றம் இல்லாமல் போகும்.

பாடாங் பெசாரில்தான் முழுக் கவனம் தேவை. இரு நாட்டுக் குடிநுழைவு அலுவலகங்களும் ஒரே நிலையத்துக்குள் இருக்கின்றன. மலேசியாவின் வெளியேறும் முத்திரையைப் பெற்றபின் அடுத்த வரிசையில் தாய்லாந்தின் நுழைவு முத்திரையைப் பெற வேண்டும். முத்திரையில் உள்ள தேதியைக் குடிநுழைவு மேசையை விட்டு அகலும் முன்பே படித்துப் பாருங்கள். தாய்லாந்துக் கடிகாரம் மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்னே ஓடுகிறது. தாய் ரயிலின் சீட்டில் அச்சிட்டிருப்பது தாய்லாந்து நேரம், நிலையத்தில் உங்கள் கைப்பேசி காட்டுவது மலேசிய நேரமாக இருக்கக்கூடும். பேங்காக்கிலிருந்து திரும்பி வரும் திசையில் இந்தக் குழப்பம் ரயிலையே தவறவைக்கும். இன்னொரு கண்ணியும் உண்டு: தாய் எல்லைக்குள்ளும் பாடாங் பெசார் என்ற பெயரிலேயே ஒரு சிறு நிலையம் இருப்பதால், முன்பதிவின்போது எதைத் தேர்கிறீர்கள் என்று இருமுறை பாருங்கள்.

எல்லையிலிருந்து பேங்காக்குக்கு நேரடி இரவு ரயில் மாலையில் புறப்பட்டு மறுநாள் காலையில் சேர்கிறது. இடம் கிடைக்காவிட்டால், ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள ஹாட் யாய்க்குச் சிறு ரயிலில் போய், அங்கிருந்து செல்லும் பல இரவு ரயில்களில் ஒன்றைப் பிடிக்கலாம். குளிரூட்டிய இரண்டாம் வகுப்பில் கீழ்ப் படுக்கையையே எடுங்கள். கட்டணம் சற்றுக் கூடுதல்தான். ஆனால் அது அகலமானது, சன்னலும் உங்களுடையது. விளக்குகள் இரவு முழுவதும் எரிவதால் மேல் படுக்கையில் தூக்கம் கெடும். விரிப்பதும் மடிப்பதும் பணியாளரின் வேலை. ஒரு போர்வை தருவார்கள் என்றாலும் குளிர் கடுமையாக இருக்கும். ஒரு சால்வை இல்லாமல் போகாதீர்கள். சில இரவு ரயில்களில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு; தனியாகச் செல்லும் பெண்கள் முன்பதிவின்போதே அதைக் கேட்டுப் பெறலாம்.

ஹாட் யாயிலிருந்து யாலா, நராதிவாட் வழியாகச் சுங்கை கோலோக் செல்லும் கிழக்குக் கிளைப்பாதை பார்க்க அழகாக இருந்தாலும், அப்பகுதியில் நீண்டகாலமாக வன்முறைச் சம்பவங்கள் நிகழ்ந்துவருவதால் முதல் பயணத்தில் அதைத் தவிர்ப்பதே சரி.

சைவ உணவினர் தாய்லாந்தில் ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும்: ‘ஜே’. மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்தில் அது எழுதியிருக்கும் கடைகளில் முட்டையோ மீன்சாறோ சேராது; வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. ‘காய்கறி’ என்று மட்டும் சொன்னால் மீன்சாற்றோடுதான் வரும்.

2023 ஜனவரி முதல் நெடுந்தூர ரயில்களில் பெரும்பாலானவை பேங்காக்கின் குருங் தெப் அபிவாட் நிலையத்துக்கே வருகின்றன. பழைய ஹுவாலம்போங் நிலையத்தருகே விடுதி எடுத்துவிட்டுத் திகைக்க வேண்டாம். இரண்டு நாள்கள் மிஞ்சினால், தோன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனபுரிக்குச் செல்லும் சாதாரண ரயிலில் ஏறுங்கள். அது செல்லும் தடத்தின் பிற்பகுதி, 1942–43இல் ஜப்பானியர் பர்மாவுக்கு அமைத்த 415 கிலோமீட்டர் பாதையில் எஞ்சியுள்ளது; மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையினர் அதில் மடிந்தார்கள். நிலையத்துக்கு அருகிலுள்ள பெரிய கல்லறைத் தோட்டம் போர்க்கைதிகளுக்கானது. தமிழ்ப் பெயர்களைத் தேடி அங்கே நடக்க வேண்டாம். அந்த ரயில் நாளுக்கு இரண்டு முறைதான் ஓடுகிறது. காலை வண்டியைப் பிடித்தால் க்வாய் ஆற்றுப் பாலத்தையும் மலையோரத் தடத்தையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்கலாம்.