உங்கள் பகுதியின் தெருக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இணைந்திருக்கின்றன என்று அளப்பது எப்படி?

2011-இல் திருவொற்றியூர், மணலி, மாதவரம் உள்ளிட்ட பகுதிகள் சேர்ந்தபோது சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அதனால் நகரின் பழைய தெருக்களையும் புதிய தெருக்களையும் அருகருகே வைத்து அளந்து பார்க்க வட சென்னை மிகவும் ஏற்ற இடம்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் அரை கிலோமீட்டர் பக்கமுள்ள இரண்டு சதுரங்களைக் குறியுங்கள். ஒன்று, தம்பு செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் இணையாக ஓடும் முத்தியால்பேட்டையில் இருக்கட்டும். மற்றொன்று, மாதவரத்தில் அண்மையில் மனைப்பிரிவுகள் எழுந்த பகுதியில். முச்சந்தி, நாற்சந்தி, முட்டுச்சந்தின் முனை ஆகியவற்றைப் புள்ளிகளாக எண்ணி, இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தெருத்துண்டுகளின் எண்ணிக்கையை அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். விடை பெரிதாக இருந்தால் தெருக்கள் நன்றாக இணைந்திருக்கின்றன என்று பொருள். நாற்சந்திகள் நிறைந்த கட்டத் தெருக்களில் விடை 2-ஐ நோக்கிப் போகும். கிளை பிரிந்து மீண்டும் சேராத அமைப்பில் 1-ஐ எட்டாது.

வரைபடத்தை மட்டும் நம்பாமல் நடந்து பாருங்கள். வரைபடம் காட்டும் தெருவைச் சுற்றுச்சுவர் மறித்திருக்கலாம். வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ வரைபடத்தில் இல்லாத சந்து நடப்பவருக்கு வழிவிடலாம். ஆகவே நடைக்கும் வண்டிக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும்.

அடுத்து, இரண்டு இடங்களுக்கு இடையே நடக்கும் தூரத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். சீரான கட்டத் தெருக்களில் இது ஏறத்தாழ 1.41-க்கு மேல் போகாது. தண்டையார்ப்பேட்டைக்கும் கொடுங்கையூருக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாயும் இருப்புப்பாதையும் கிடப்பதால், பாலம் இருக்கும் இடமே அங்கே தூரத்தைத் தீர்மானிக்கிறது.

காலமாற்றத்தை அறியும் கட்டத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள் என்று கருதுகிறேன். ஒருமுறை போட்ட தெரு எளிதில் இடம் மாறாது. ஆகவே பழைய தெருக்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், புதிய தெருக்கள் எவ்வளவு மோசமாக இருந்தாலும் முதலில் சொன்ன விகிதம் மெதுவாகவே குறையும். கூகுள் எர்த்தின் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, ஒவ்வொரு காலத்திலும் புதிதாகச் சேர்ந்த தெருக்களைத் தனியே எண்ணுங்கள். வயலும் தோப்பும் துண்டுதுண்டாக விற்கப்பட்டு, ஒவ்வொரு மனைப்பிரிவும் பக்கத்து மனைப்பிரிவோடு சேராமல் பிரதான சாலைக்கு ஒரே வாயில் வைத்துக்கொள்ளும்போது முட்டுச்சந்துகள் பெருகுவதை அந்தக் கணக்கு காட்டிவிடும்.

கடைசியாக, காலி நிலத்தைப் பார்த்து முடியும் தெருமுனைகளைச் சிவப்பு மையால் குறியுங்கள். அடுத்த மனைப்பிரிவு ஒப்புதலுக்குச் செல்லும் முன்பே அந்தப் பட்டியலை வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள். சுவர் எழும்பிய பின் அங்கே வழி கேட்பது மிகக் கடினம்.