பன்னிரண்டு படம், இரண்டு தாள்: பரிசாகக் கொடுக்க ஒரு மடிப்பு ஆல்பம்

படங்களை ஒட்டி, எழுதி, அலங்கரிக்கிற ஸ்க்ராப்புக் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பலரும் முதல் வேலையாக ஸ்டிக்கர், வாஷி டேப் என்கிற அலங்காரக் காகித டேப், பூப்போட்ட தாள், விதவிதமான பஞ்ச் என்று ஒரு பை நிறைய வாங்கி வந்துவிடுவார்கள். அப்புறம் 12 அங்குலச் சதுர ஆல்பத்தின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, மூடி அலமாரியில் வைத்துவிடுவார்கள். நானும் அப்படி ஒன்றை மூடி வைத்தவள்தான். 12 அங்குலம் ஸ்க்ராப்புக்குக்கு வழக்கமான அளவுதான், ஆனால் புதிதாகச் செய்கிறவருக்கு அது மைதானம் மாதிரி. உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை முதலில் செய்து முடித்துவிட்டால் கை பழகிவிடும், முடித்ததை யாருக்காவது பரிசாகவும் கொடுத்துவிடலாம்.

ஆக, இங்கே செய்யப்போவது விசிறி போல மடிந்து விரிகிற ஒரு சின்ன ஆல்பம். பன்னிரண்டு பக்கம், பன்னிரண்டு படம், ஒவ்வொரு படத்துக்கும் கீழே உங்கள் கையெழுத்தில் ஒரு வரி. வெட்டி ஒட்ட ஒரு மாலை, காய ஒரு இரவு.

என்னென்ன வேண்டும்

ஏ4 அளவில் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்கிற கணக்கு) அட்டைத்தாள் இரண்டு. பிரிண்டரில் போடுகிற சாதாரணத் தாள் 70, 80 ஜிஎஸ்எம்தான் இருக்கும், படத்தின் கனம் தாங்காமல் தொய்ந்துவிடும். 300ஐத் தாண்டினால் மடிக்கிற இடத்தில் வெடிக்கும். மேலட்டைக்கு 2 மி.மீ. கனத்தில் கெட்டி அட்டை. பழைய நோட்டின் முரட்டு அட்டையே போதும், மெல்லியதாக இருந்தால் இரண்டை ஒன்றாக ஒட்டிக்கொள்ளுங்கள். பார்சல் பெட்டியை மட்டும் வெட்டாதீர்கள், அதன் உள்ளே இருக்கும் அலை அலையான வரி மேலே ஒட்டுகிற தாளிலும் எழும்பித் தெரியும். அட்டையைச் சுற்ற உங்களுக்குப் பிடித்த தாள், 60 செ.மீ. ரிப்பன், இரும்பு ஸ்கேல், கட்டர், டபுள் சைட் டேப், வெள்ளைப் பசை, மை தீர்ந்துபோன ஒரு பால்பாயின்ட் பேனா. கடைசியாகச் சொன்னது விளையாட்டுக்கு இல்லை, அதற்கு வேலை இருக்கிறது.

தாளின் உறையில் 'ஆசிட் ஃப்ரீ', அதாவது அமிலம் இல்லாதது, என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஜன்னலோரம் கிடந்த செய்தித்தாள் மஞ்சளாகிவிடுகிறதே, மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருள்தான் அதற்குக் காரணம். வெளிச்சமும் காற்றும் பட்டு அது நிறம் மாறும், கூடவே அமிலமும் உண்டாகித் தாளை நொறுங்க வைக்கும், பக்கத்தில் ஒட்டியிருக்கும் படத்தையும் சும்மா விடாது. பரிசு என்று கொடுப்பது இருபது வருடம் கழித்தும் திறந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா? மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் தாளில் பிடிக்காதீர்கள்.

படங்களைத் தேர்ந்தெடுப்பது

கஷ்டமான வேலை இதுதான், வெட்டுவதும் ஒட்டுவதும் இல்லை. ஒருவருடைய வாழ்க்கை முழுவதையும் பன்னிரண்டு படத்தில் அடைக்கப் பார்த்தால் அது அடையாள அட்டை வரிசை மாதிரி ஆகிவிடும். ஒரே ஒரு பயணம், ஒரே ஒரு வீடு, ஒரு பூனை வந்து சேர்ந்த முதல் மாதம் என்று சின்னதாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டில் மூன்று படங்களாவது யாரும் கேமராவைப் பார்க்காத படங்களாக இருக்கட்டும்: வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள், ஏதோ வேலையில் இருக்கும் கைகள், மழை அடித்த ஜன்னல். கொடுத்த பிறகு பார்த்திருக்கிறேன், எல்லோரும் சிரித்தபடி நிற்கும் படத்தைக் கடந்து போகிறவர்கள் இந்த மாதிரிப் படத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

படத்தின் அளவு 75 மி.மீ. சதுரம். 4×6 அங்குலப் பிரிண்ட் ஒன்றில் இப்படி இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், ஆக ஆறு பிரிண்ட் போட்டால் போதும். அந்த 4×6 கோப்பு 1800×1200 பிக்சல் இருந்தால் அச்சு தெளிவாக வரும். மெசேஜில் வந்து சேர்ந்த படங்கள் பெரும்பாலும் சுருக்கப்பட்டவையாக இருக்கும், எடுத்தவரிடம் கேட்டு அசலை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஆல்பத்துப் படம் என்றால் அதை வெட்டவே கூடாது, 600 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து நகலைத்தான் ஒட்ட வேண்டும். பஸ் டிக்கெட், ரசீது ஒட்டுகிறவர்களுக்கும் இதே பேச்சு. வழவழப்பான அந்தத் தாளில் மை கிடையாது, சூடு பட்டுக் கறுப்பாகிற பூச்சுதான் இருக்கிறது, கொஞ்ச காலத்தில் வெற்றுத் தாளாகிவிடும். போட்டோகாப்பி எடுத்து ஒட்டுங்கள்.

வெட்டி, கோடு அழுத்தி, இணைப்பது

ஏ4 தாள் 297×210 மி.மீ. அதை நீளவாக்கில் நடுவே வெட்டினால் 297×105 அளவில் இரண்டு பட்டைகள், இரண்டு தாளுக்கு நான்கு. ஒவ்வொரு பட்டையிலும் இடது ஓரத்திலிருந்து 94, 188, 282 மி.மீ.யில் பென்சிலால் லேசாகப் புள்ளி வையுங்கள். மூன்று பக்கம் வரும், கடைசியில் 15 மி.மீ. வாலாக மிஞ்சும். அந்த வால்தான் அடுத்த பட்டையைப் பிடித்துக்கொள்ளும் ஒட்டுப்பட்டை. நான்காவது பட்டைக்கு மட்டும் அது தேவையில்லை, வெட்டிவிடுங்கள். வெட்டிய துண்டைத் தூக்கிப் போட வேண்டாம்.

இப்போது தீர்ந்துபோன பேனா. ஸ்கேலைப் புள்ளியில் வைத்து, பேனா முனையால் மேலிருந்து கீழாக இரண்டு முறை அழுத்தி இழுங்கள், தாளில் ஒரு பள்ளம் விழும். இதைச் செய்யாமல் நேராக மடித்தால் என்ன ஆகும் என்றால், பல தாள்களில் இழை நீளவாக்கில் ஓடுகிறது, நாம் மடிப்பதோ அதற்குக் குறுக்கே, அதனால் மடிப்பு கோணிக்கொண்டு போகும், சில சமயம் நார் நாராகப் பிரியும். தாளை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்தாலே இழை எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரிந்துவிடும், எளிதாக வளையும்போது மடிப்பு எந்த வாக்கில் விழுகிறதோ அந்த வாக்கில்தான் இழை ஓடுகிறது.

மடிக்க அவசரப்படாதீர்கள், முதலில் இணைத்துவிடலாம். முதல் பட்டையின் வால் மேல் டபுள் சைட் டேப் ஒட்டி, இரண்டாவது பட்டையின் இடது ஓரத்தை அதன் மேல் வையுங்கள். அந்த ஓரம் 282 மி.மீ. பள்ளத்துக்கு ஒரு மயிரிழை வால் பக்கமே நிற்க வேண்டும். பள்ளத்தின் மேல் ஏறிவிட்டால் அந்த மடிப்பு மட்டும் மூடவே மூடாது. நான்கும் இணைந்த பிறகு முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி மடித்து, ஒவ்வொரு மடிப்பையும் ஸ்பூனின் முதுகால் தேய்த்துவிடுங்கள்.

எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு பக்கம் இருக்க வேண்டும். பன்னிரண்டு இல்லாவிட்டாலும் எட்டோ பத்தோ, இரட்டைப்படையாக இருந்தே ஆக வேண்டும். ஒற்றைப்படையாக இருந்தால் முதல் பக்கத்தின் முதுகும் கடைசிப் பக்கத்தின் முகமும் வெளியே பார்க்கும், கடைசிப் படத்தை ஒட்ட வேண்டிய இடம் மேலட்டைக்கு அடியில் போய்விடும். என்னுடைய முதல் ஆல்பத்துக்குப் பதினோரு பக்கம். அட்டையை ஒட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

மேலட்டை

கெட்டி அட்டையில் 100×111 மி.மீ. அளவில் இரண்டு துண்டு. உள்ளே இருக்கும் பக்கத்தைவிட ஒவ்வொரு ஓரத்திலும் 3 மி.மீ. பெரிது. சுற்றுகிற தாள் 130×141, அதாவது நான்கு புறமும் 15 மி.மீ. கூடுதல். பசையில் சில சொட்டுத் தண்ணீர் கலந்து, பிரஷ்ஷால் அட்டையின் மேல் மெல்லிசாகப் பூசி, தாளின் நடுவில் வைத்து, திருப்பிப் போட்டு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். மூலைகளைச் சாய்வாக வெட்டும்போது அட்டையின் முனையை ஒட்டி வெட்டிவிடாமல் 3 மி.மீ. தள்ளி வெட்டுங்கள், ஒட்டி வெட்டினால் மடித்த பிறகு அட்டை எட்டிப் பார்க்கும். நான்கு ஓரத்தையும் உள்ளே மடித்து ஒட்டிவிடுங்கள்.

பின்னட்டையின் உள்பக்கத்தில் ரிப்பனைக் குறுக்கே வைத்து, இரண்டு முனையும் சமமாக வெளியே நீண்டிருக்கும்படி டேப் போடுங்கள். அதன் மேல் கடைசிப் பக்கத்தின் முதுகையும், முன்னட்டையின் உள்பக்கத்தில் முதல் பக்கத்தின் முதுகையும் ஒட்டவும். இடையில் பட்டர் பேப்பரைச் செருகி, கனமான நான்கைந்து புத்தகங்களை மேலே வைத்துக் காலை வரை தொடாதீர்கள். ஈரத்தோடு எடுத்தால் அட்டை வில்லாக வளையும், வளைந்ததை நிமிர்த்துவது பெரும்பாடு.

ஒட்டுவது, எழுதுவது

படத்துக்கு வெள்ளைப் பசை வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் தண்ணீரைத் தாள் குடித்து உப்பும், காயும்போது சுருண்டுகொள்ளும், இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் மையும் கலங்கும். மேலும் கீழும் ஒரு கீற்று டபுள் சைட் டேப் போதும். படத்தைப் பின்னாளில் கழற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றினால், நான்கு மூலையையும் செருகிக்கொள்கிற போட்டோ கார்னர் நல்லது. பக்கவாட்டில் ஒன்பதரை மி.மீ., மேலே 10 மி.மீ. விட்டு ஒட்டுங்கள், கீழே 20 மி.மீ. மிஞ்சும். அந்த இடம் எழுதுவதற்கு.

என்னைக் கேட்டால் ஆல்பமே அந்த இருபது மில்லிமீட்டர்தான். 'இனிய நினைவுகள்', 'மறக்க முடியாத நாள்' என்று எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம், படத்தைப் பார்த்தாலே அது தெரிகிறது. படத்தில் தெரியாததை எழுதுங்கள். 'இதை எடுத்த அடுத்த நிமிஷம் குடை பறந்துபோச்சு.' 'இந்தச் சட்டை உன்னுடையது இல்லை, இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.' பேச்சில் வருகிற மாதிரியே இருக்கட்டும், கையெழுத்து அழகாக இல்லை என்று கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டாதீர்கள். நிறத்தூள் கலந்த பிக்மென்ட் மை உள்ள பேனா வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் தாக்குப்பிடிக்கும். வெட்டி எடுத்த அந்த வால் துண்டு நினைவிருக்கிறதா? முதலில் அதில் எழுதி, மை ஊறுகிறதா, எத்தனை நேரத்தில் காய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அலங்காரம் செய்தே தீர வேண்டும் என்றால் ஒரு வாஷி டேப், ஒரே நிறம், நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பட்டன், சிப்பி, மணி எல்லாம் உள்ளே வைத்தால் ஆல்பம் வயிறு உப்பியது போல நிற்கும், எதிர்ப் பக்கத்துப் படத்திலும் தடம் பதியும். ஆசைப்பட்டால் ஒன்றை முன்னட்டையில் ஒட்டிவிடுங்கள்.

விரித்துத் திருப்பினால் பின்பக்கம் பத்துப் பக்கம் வெறுமையாக இருக்கும். அதில் ஒன்றும் செய்யாமல், ஆல்பத்தோடு ஒரு டபுள் சைட் டேப் சுருளையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறேன் நான். வாங்கிக்கொண்டவர் அதில் என்ன ஒட்டப்போகிறார் என்பது அவர் பாடு.