பழைய பொப் இசைத்தட்டை மீட்டெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் கைக்கு வந்து சேர்ந்த பழைய இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் மைக்செட்காரர்களின் தகரப் பெட்டிகளில் இருந்தவை. கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை, புளியரை, பண்பொழிப் பக்கத்துக் கோயில் கொடைகளிலும் கல்யாண வீடுகளிலும் குழாய் ஒலிபெருக்கியின் வழியே நூற்றுக்கணக்கான முறை ஒலித்து, கேசட் வந்ததும் பரணில் ஏறி, நாற்பது ஐம்பது ஆண்டுச் சாரலை அங்கேயே கழித்தவை. அவற்றுள் மிக அரிதாகக் கிடைப்பவை 1970களின் இலங்கைப் பொப் இசைத்தட்டுகள். இங்கே சிலோன் மனோகர் என்று அறியப்பட்ட ஏ. ஈ. மனோகரனும் அவர் காலத்துப் பாடகர்களும் பாடிய பாடல்களை இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இருபுறமும் இருக்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர், இன்று கேரளத்தில் இருக்கும் ஆரியங்காவிலும் புனலூரிலும் எங்களுக்குச் சொந்தபந்தம் உண்டு, ரசனையும் அப்படியே. அத்தகைய ரசிகர்களுக்காக நிமிடத்துக்கு 45 முறை சுற்றும், சில பாடல்களே கொண்ட ஏழு அங்குல இ.பி. தட்டு ஒன்றை மீட்டெடுக்க முயன்றபோது நான் செய்த தவறுகளும், பிறர் செய்யக் கண்டவையும் இக்கட்டுரைக்கு அடிப்படை.

பாடல் கெட்டுப்போவது கணினியில் என்று பலரும் நினைக்கிறார்கள். கணினிக்குப் போகும் முன்பே, தட்டைத் துடைக்கும் இடத்திலும் ஊசியை வைக்கும் இடத்திலும் பாதிக்கு மேல் கெட்டுவிடுகிறது. கணினியில் நேர்ந்த பிழையை மூலப் பதிவு கையில் இருக்கும் வரை திருத்திக்கொள்ளலாம். தட்டில் ஊசி ஓடும் பள்ளத்தில் நேர்ந்த பிழைக்கு மாற்று இல்லை.

எங்கள் ஊரில் தட்டுகளுக்கு முதல் பகை பூஞ்சை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்துச் சாரல் இங்கேயும் வீசுவதால், காகித உறையும் தட்டும் ஈரம் கோத்து, வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை படர்கிறது. அதைப் பார்த்தவுடன் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களும், கை சுத்தம் செய்யும் ஸ்பிரிட்டை ஊற்றித் துடைக்கிறவர்களும் உண்டு. எண்ணெய் பள்ளத்துக்குள் தங்கி, தூசியைக் குழைத்து ஊசியோடு ஒட்டவைக்கும். ஸ்பிரிட் செய்யும் கேடு இன்னும் பெரிது: நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகள் அரக்கு கலந்து செய்யப்பட்டவை, அரக்கு ஆல்கஹாலில் கரையும். வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன பிந்தைய தட்டு அதைத் தாங்கினாலும், எது அரக்கு, எது வினைல் என்று உறுதியாகத் தெரியாத கையில் அந்தப் புட்டி இருக்கவே கூடாது. டிஸ்டில்டு வாட்டரில் மணமில்லாத மென்மையான சோப்புத் திரவம் ஓரிரு துளி கலந்து, மிருதுவான பிரஷ்ஷால் பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் மறுபடி அலசினால் போதும். நடுவில் ஒட்டியிருக்கும் காகித லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உலர்த்த வெயிலில் வைத்தால் வினைல் வளைந்துவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றுகூட நேராகப் படாத இடத்தில், ஒரு மணி நேரமாவது விட வேண்டும். பூஞ்சையைத் துடைக்கும்போது முகக்கவசம் அணிவது தட்டுக்காக அல்ல, நமக்காக.

அடுத்தது ஊசி. ஊசி துள்ளுகிறது என்பதற்காகக் ஊசியைத் தாங்கும் பிளேயர் கையின் தலையில் காசு வைக்கும் பழக்கம் மைக்செட் நாட்களிலிருந்து வருகிறது. ஊசியின் அதிர்வை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜ்களில் இன்றைய நல்லவை பெரும்பாலும் 1.5 முதல் 3 கிராம் பாரத்தில் ஓடும்படி செய்யப்பட்டவை. ஒரு காசு அந்தக் கணக்கையே குலைத்து, மிச்சமிருக்கும் உயர் ஓசைகளை ஒரே ஓட்டத்தில் வழித்துவிடும். துள்ளலுக்குக் காரணம் பெரும்பாலும் பள்ளத்தில் அடைத்திருக்கும் அழுக்கு அல்லது தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் சமமட்டமாக இல்லாதது.

ஊசியின் அளவும் முக்கியம். 78 தட்டுக்கு ஏறத்தாழ 75 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முனை வேண்டும். வினைலில், ஒரே ஒலித்தடம் கொண்ட மோனோ தட்டுக்குச் சுமார் 25 மைக்ரானும், இடம் வலம் என இரு தடம் கொண்ட ஸ்டீரியோவுக்குச் சுமார் 18 மைக்ரானும் பொருந்தும். 78ஐ வினைல் ஊசியால் ஓட்டினால் அது பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடிமட்டத்தில் உரசி இரைச்சலையே அள்ளிக்கொண்டு வரும். மைக்செட்டில் தேய்ந்த தட்டுகளில் இந்த அறிவு இன்னொரு வகையிலும் உதவுகிறது. பழைய கனத்த ஊசி பள்ளத்துச் சுவரின் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத்தான் தேய்த்திருக்கும். அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ தொடும் வேறு அளவு ஊசியால் ஓட்டினால், தேயாத சுவரிலிருந்து குரல் தெளிவாகவே வெளிவருகிறது. எந்த மென்பொருளாலும் தர முடியாத பலன் இது. என்னிடம் வந்த இ.பி.யை முதலில் ஓட்டியபோது “தேய்ந்த தட்டு, ஒன்றும் செய்வதற்கில்லை” என்று நானே ஒதுக்கி வைத்தேன். நீள்வட்ட முனை ஊசி ஒன்று கிடைத்தபின் மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, பாடகர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

மோனோ தட்டை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜால் ஓட்டும்போது இரண்டு சேனலையும் தனித்தனியாகவே பதிவு செய்ய வேண்டும். பள்ளத்தின் இரு சுவர்களும் ஒரே அளவில் தேய்வதில்லை. இரண்டையும் சேர்த்தால் மேலும் கீழுமான அதிர்வால் எழும் உறுமல் குறையும். ஆனால் ஒரு சுவர் மிகவும் சேதமாகியிருந்தால், மற்றதை மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது. பதியும்போதே சேர்த்துவிட்டால் இந்தத் தேர்வு கையை விட்டுப் போகும்.

டர்ன்டேபிளிலிருந்து வரும் வயரை நேராகக் கணினியின் மைக் துளையில் செருகுவது பலரும் செய்யும் தவறு. தட்டில் தாழ்ந்த ஓசைகளைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும்தான் பதிந்திருப்பார்கள்; அதைத் திருப்பிச் சமன் செய்யும் போனோ ப்ரீஆம்ப் இடையில் இருக்க வேண்டும். இந்தக் கூட்டல் குறைத்தலின் அளவை வளைவு என்பார்கள்; அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. 1954இல் வகுத்த வளைவு பின்னர் வந்த வினைல் தட்டுகளுக்குப் பொதுவானது. அதற்கு முந்தைய 78 தட்டுகளுக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு வேறு வளைவு இருந்ததால் காதால் கேட்டே முடிவு செய்ய நேரும். ப்ரீஆம்ப் இல்லாமல் பதிந்து, பிறகு ‘பாஸ்’ குமிழைத் திருகிச் சரிக்கட்டியது போல் எண்ணிக்கொள்வது சரியாகாது. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு என்பது ஒலி ஆவணக் காப்பகங்கள் பரிந்துரைக்கும் அளவு. ஒலி அளவை உச்சியைத் தொடும்வரை ஏற்றாமல் ஆறு டெசிபலாவது இடம் விட வேண்டும். கீறலின் சொடுக்குச் சத்தம் பாட்டைவிட உரக்க வந்து உச்சியில் வெட்டுப்பட்டால், அந்த இடத்தைப் பிறகு செப்பனிடுவது கடினம்.

வேகத்தைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இங்கே நேரும் பிழை வெளியே தெரிவதில்லை. தெரியும்போது பலர் கேட்டு முடித்திருப்பார்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் கோடுகள் அச்சிட்ட ஸ்ட்ரோப் வட்டைச் சுழலும் தட்டின் மேல் வைத்துப் பார்த்தால், 45 வேகத்துக்கான 133 கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தோன்ற வேண்டும். எல்.இ.டி. விளக்குகள் பலவற்றின் கீழே இந்தச் சோதனை நடக்காது என்பதை அறியாமல் நான் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கியிருக்கிறேன். ஆனால் டர்ன்டேபிள் சரியாகச் சுற்றினாலும் அந்தக் காலத்து ஒலிப்பதிவு இயந்திரம் சரியாகச் சுற்றியது என்பதற்கு உறுதி இல்லை. பதிவில் மெலிதாகக் கலந்திருக்கும் மின்சார ஹம் (மின்சாரத்தால் எழும் ‘ம்ம்’ ஓசை) இங்கே துணைக்கு வரும். இலங்கையிலும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பதிவில் அது 51.5இல் நின்றால் தட்டு சுமார் மூன்று சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள், அதாவது ஏறத்தாழ அரை ஸ்வர இடைவெளியில் பாதி. அந்த ஹம் தட்டுக்குள் இருப்பதா, நம் வீட்டு வயரிங்கிலிருந்து வருவதா என்பதை ஊசியைத் தூக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். ஊசி தூக்கிய பின்னும் கேட்டால் அது நம்முடையது, அதை வைத்து எதையும் அளக்கக் கூடாது. ஹார்மோனியம் போல் ஸ்ருதி மாறாத வாத்தியம் இருந்தால் அதுவும் சாட்சி சொல்லும். கிட்டாரை மட்டும் நம்ப முடியாது. வாசித்தவர் எப்படிக் கூட்டினாரோ அப்படித்தான் இருக்கும்.

ரசிகரின் நினைவை வேகத்துக்கு அளவுகோலாகக் கொள்வது இன்னொரு தவறு. மீட்டெடுத்த பாட்டை முதன்முதலாகப் போட்டுக் காட்டியபோது, மைக்செட் நடத்திய பெரியவர் ஒருவர், “தம்பி, பாட்டு இழுக்குதே, நாங்க போடும்போது விறுவிறுன்னு போகும்” என்றார். “அண்ணாச்சி, உங்க பிளேயர் எப்படி ஓடும்?” என்று கேட்டேன். சற்று யோசித்து, “அது கொஞ்சம் வேகந்தான், கொடைக்கு அதான் சரியா இருக்கும்” என்றார். அவர் மனத்தில் பதிந்திருந்தது அந்தப் பிளேயரின் வேகம். அவருக்காக அந்த வேகத்தில் தனியாக ஒரு பிரதி செய்து கொடுத்தேன்; மூலப் பிரதியை மாற்றவில்லை.

நடுத்துளை சற்று விலகியிருந்தால் பாட்டு ஊஞ்சலாடுவது போல் ஏறி இறங்கும். 45 தட்டில் இந்த ஆட்டம் 1.33 வினாடிக்கு ஒருமுறை வரும். தட்டை நகர்த்தி மையத்தில் பொருத்திவிட்டுப் பதிவதே இதற்கு மருந்து.

இனி கணினி. சொடுக்குகளை நீக்குவதும் தொடர் இரைச்சலைக் குறைப்பதும் வேறு வேறு வேலைகள்; சொடுக்கை முதலில் நீக்க வேண்டும். முறை மாறினால், இரைச்சலைக் குறைக்கும் கருவி ஒவ்வொரு சொடுக்கையும் பூசி மெழுகி, பின்னால் பிடிபடாதபடி செய்துவிடும். சொடுக்கு நீக்கும் கருவிக்குப் போங்கோ என்னும் சிறு இரட்டைப் பறையின் விளிம்பில் விழும் விரலுக்கும் தட்டின் கீறலுக்கும் வேறுபாடு தெரியாது. முழுப் பாட்டையும் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் கீறலோடு தாளத்தின் கூர்மையும் போகும். என் இ.பி.யின் இரண்டாவது பாடலில் இப்படித்தான் நடந்தது: சுத்தமாகத்தான் ஒலித்தது, ஆனால் ஆடத் தோன்றவில்லை. கருவியின் உணர்திறனைத் தாழ்த்தி, மிஞ்சிய பெரிய சொடுக்குகளை ஒவ்வொன்றாகக் கையால் நீக்கியபோதுதான் தாளம் திரும்பியது. மூன்று நிமிடப் பாட்டுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

தொடர் இரைச்சலைக் குறைப்பதில் ஆபத்து இன்னும் நுட்பமானது. குலுக்கி வாசிக்கும் மராக்கஸின் ‘சிச்சிக்’ ஓசை, ‘ச’, ‘ஸ’ எழுத்துகளின் உரசல், அறையில் குரல் எதிரொலித்து அடங்கும் வால் ஆகிய எல்லாம் இரைச்சலின் சாயலிலேயே இருப்பவை. இருபது டெசிபல் குறைத்தால் அவை எல்லாம் கரைந்து, பாடகர் தண்ணீருக்கடியிலிருந்து பாடுவது போலவும், பின்னணியில் சின்னச் சின்ன மணிகள் கிலுங்குவது போலவும் கேட்கும். ஐந்தாறு டெசிபலோடு நிறுத்துவதே என் வழக்கம். இரைச்சலின் மாதிரியைப் பாட்டு தொடங்கும் முன் உள்ள வெற்றுப் பள்ளத்திலிருந்து எடுக்கலாம். பாட்டு முடிந்து எதிரொலி அடங்காத இடத்திலிருந்து எடுத்தால் எதிரொலியையும் இரைச்சல் என்று கருவி எண்ணிக்கொள்ளும். பல மென்பொருள்களில் நீக்கப்பட்ட பகுதியை மட்டும் தனியாகக் கேட்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் வேலையை முடிப்பது, குப்பைக் கூடையைப் பார்க்காமல் வீட்டைப் பெருக்கிவிட்டு நகையைத் தேடுவதற்கு ஒப்பாகும். அந்தக் கூடைக்குள் ஒரு சொல்லின் நிழலோ தாளத்தின் ஒரு தட்டோ கேட்டால், அளவு மீறிவிட்டது.

மோனோவைப் பிரித்துப் போலி ஸ்டீரியோ ஆக்குவதும், எக்கோ சேர்ப்பதும், இன்றைய பாட்டுகளின் உரப்புக்கு ஏற்றிவிடுவதும், குரலைப் பிரித்தெடுத்துப் புதுத் தாளம் வைப்பதும் மீட்டெடுத்தல் ஆகா. அவை புதிய படைப்புகள்; அப்படியே பெயரிட்டுச் செய்யட்டும்.

உரிமை பற்றிய அலட்சியமும் பரவலாக இருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. 1964இல் வெளியான பதிவின் உரிமை 2024 முடிவோடு தீர்ந்தது. 1970களின் தட்டுகளுக்கு இன்னும் தீரவில்லை. பதிவின் உரிமை தீர்ந்தாலும், பாடலாசிரியரும் இசையமைத்தவரும் மறைந்து 60 ஆண்டுகள் ஆகும் வரை வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தொடரும். பழைய பாட்டு, யாரும் கேட்கமாட்டார்கள் என்று பொதுவெளியில் ஏற்றுவது பாடியவர் குடும்பத்துக்குச் செய்யும் அநீதி. உரியவர்களைத் தேடிக் கேட்பதுதான் முறை.

வேலை முடிந்தபின் பலர் மெருகேற்றிய கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் பதிவை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடுகிறார்கள். கைவைக்காத அந்த மூலக் கோப்பே மிக மதிப்புள்ளது. நாளை நல்ல கருவி வந்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதோடு இரு பக்க லேபிள்களின் படம், லேபிளை ஒட்டிய வழுவழுப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எண், எந்த ஊசி, எந்த வேகம், என்னென்ன நீக்கப்பட்டன என்ற குறிப்பு ஆகியவற்றையும் சேர்த்து, இரண்டு மூன்று இடங்களில் வைக்க வேண்டும். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது நான் புது உறையில் இட்டு, படுக்க வைக்காமல் நிமிர்த்தி அடுக்கும்படியும், சாரல் மாதங்களில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்க வேண்டாம் என்றும் வீட்டாரிடம் சொல்லிவிட்டு வருகிறேன். அந்த இ.பி. இப்போது பெரியவரின் பேத்தியிடம், உள்ளறை அலமாரியில், நிமிர்ந்தபடி இருக்கிறது.