ஒரு விதி சட்டப்படி செல்லும், சரி. மக்கள் மனதில் செல்லுமா?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அரசாணை செல்லும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களின் அன்றாட வேலை சட்டமீறலாகிப் போனது. இன்றும் பலர் அந்த எல்லையை மதிப்பதைவிட அதற்குப் பயப்படுகிறார்கள்.

அப்படிப் பாசி எடுக்கும் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் பெண்கள் தங்களுக்குள் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது. அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. இரும்புக் கருவியால் சுரண்டுவதில்லை. பாறை கிழிக்காமலிருக்க விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கையால்தான் பறிக்கிறார்கள். இதற்கு அரசிதழ் கிடையாது, அபராத ரசீதும் கிடையாது. அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-ல், தீவுகளின் சூழலைக் காக்கும் சீக்காலஜி அமைப்பின் விருது கிடைத்தது.

சட்டப்படி சரியாக இருந்தாலே மக்கள் ஏற்பும் வந்துவிடும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஏற்பு வேண்டுமென்றால் விதி போடுமுன் அந்த மக்களைக் கேட்க வேண்டும்.

இதைச் சொன்னதும் சிலர் மறுகோடிக்கு ஓடிவிடுகிறார்கள். 'ஊரே ஏற்றுக்கொண்டது, அப்புறம் என்ன?' என்கிறார்கள். ஊர்க்கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை, காதலித்தவர்களை ஊரைவிட்டு விலக்குகிறார்கள் என்றால் அது எந்த ஊரின் ஏற்பு? கட்டப்பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏற்பு வேண்டும்; அது தனிமனித உரிமையை மிதித்து வரக்கூடாது.

பாரபட்சத்தைச் சின்ன விஷயமாக எண்ணுவதும் தவறுதான். கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக்கூடாது என்பது நாட்டுப்படகுக்காரர்களைக் காக்கும் விதி. வேண்டியவர் படகை விட்டுவிட்டு வேண்டாதவர் படகை மட்டும் பிடித்தால், அந்த நல்ல விதியின் மேலேயே நம்பிக்கை போய்விடும். சிகாகோவில் 1980-களில் உளவியலாளர் டாம் டைலர் நடத்திய ஆய்விலும், தண்டனைப் பயத்தைவிட, நம்மை நியாயமாக நடத்துகிறார்கள் என்ற எண்ணமே மக்களைச் சட்டத்துக்குக் கட்டுப்பட வைப்பதாகத் தெரிந்தது.

தேர்தலுக்கும் இது பொருந்தும். நம் ராமநாதபுரம் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். அவர்கள் கையெழுத்து சட்டப்படி செல்லும். ஆனால் அவர்களை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்தவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243E பிரிவு.

கிராமசபைக் கூட்டத்தின் கையெழுத்து நோட்டு வீடு தேடி வந்தால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கூட்டம் செல்லத் தேவையான ஆள் எண்ணிக்கை காகிதத்தில் நிறைந்துவிடும். நாளை இறால் பண்ணையோ வேறெதுவோ வரும்போது 'நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள்' என்பார்கள். கூட்டத்துக்குப் போங்கள், தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், எதிர்த்துப் பேசியதையும் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.