ஏற்காடு எஸ்டேட்டையும் சேலம் அலுவலகத்தையும் இணைக்க ஸூலிப்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

தோட்டம் ஏற்காட்டிலும் கணக்கு அலுவலகம் சேலம் ஐந்து ரோடு அருகிலும் இருக்கும் ஒரு காபி எஸ்டேட்டுக்கு, வேலைச் செய்திகளை வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஸூலிப் என்ற குழு உரையாடல் செயலிக்கு மாற்றிக் கொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன். பழம் பறிக்கும் மாதங்களில் பல்ப்பர் (காபிப் பழத்தின் தோலை நீக்கும் இயந்திரம்) பழுது, கூலிப் பட்டியல், மிளகு விலை, லாரி வரும் நேரம் ஆகிய எல்லாம் ஒரே வரிசையில் வந்து விழும். சிக்னல் கிடைக்காத சரிவில் பகல் முழுவதும் நின்றுவிட்டு மாலையில் திரும்பும் மேஸ்திரி, தமக்குரிய ஒரு செய்தியைத் தேட நூறு செய்திகளைத் தள்ள வேண்டியிருந்தது.

ஸூலிப்பில் செய்திகளைச் சேனல்கள் என்னும் தனித்தனிப் பிரிவுகளாக வைக்கலாம், ஒவ்வொரு சேனலுக்குள்ளும் தனித்தனித் தலைப்புகள் உண்டு. ஒரு தலைப்பை மட்டும் திறந்து, விட்ட இடத்திலிருந்து படிக்கலாம் என்பதே நான் இதைத் தேர்ந்ததற்கு முதற்காரணம். இன்னொரு காரணமும் உண்டு. இதே போன்ற இன்னொரு செயலியான ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திகளே தெரியும். சென்ற ஆண்டு எந்தப் பகுதிக்கு எப்போது உரமிட்டோம் என்று பார்க்க வேண்டிய தோட்டத்துக்கு அது போதாது. ஸூலிப்பின் இலவச மேகச் சேவையில் கடைசி 10,000 செய்திகள் வரை பார்க்கலாம். எல்லோருமாகச் சேர்ந்து நாளொன்றுக்கு 25 செய்தி எழுதினாலும் ஆண்டுக்கு 9,125 தான் ஆகும்.

முதல் படியாக, கணினியின் உலாவியில் ஸூலிப் தளத்தைத் திறந்து புதிய நிறுவனத்தைப் (ஸூலிப்பில் உங்கள் குழுவுக்கான இடம்) பதிவு செய்யுங்கள். பெயரும் இணைய முகவரியும் கேட்கும். முகவரியைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதைத்தான் பிறகு ஒவ்வொருவரும் கைபேசியில் தட்டச்சு செய்யப்போகிறார்கள்.

அடுத்தது சேனல்கள். நான்குக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பறிப்பு, இயந்திரங்கள், விற்பனை, கூலி என்று வேலையின் பெயரால் அமைத்தோம். ஆட்களின் பெயரால் அமைத்தால் ஆள் மாறும்போது சேனலும் பொருளற்றுப் போகும். கூலி சேனலை மட்டும் தனிப்பட்டதாக வைத்து, புதிதாகச் சேருபவருக்குப் பழைய செய்திகள் தெரியாத வகையைத் தெரிவு செய்யுங்கள். “பல்ப்பர் பெல்ட் மாற்றம்”, “மேல் தோட்டம் முதல் சுற்று” என்பதுபோல, படித்தவுடன் விஷயம் விளங்கும்படி தலைப்பு வையுங்கள். தவறான தலைப்பில் எழுதிய செய்தியைப் பிறகு சரியான இடத்துக்கு நகர்த்தலாம். வேலை முடிந்ததும் தலைப்பைத் தீர்ந்ததாகக் குறிக்கலாம்.

ஆட்களைச் சேர்க்கும் படியில்தான் வேலை நின்றது. “எனக்கு மின்னஞ்சலே கிடையாது” என்று தோட்டத்தில் பலர் சொன்னார்கள். உண்மையில் அவர்களுடைய ஆண்ட்ராய்டு கைபேசி ஒவ்வொன்றிலும் ஜிமெயில் கணக்கு இருந்தது. கைபேசி வாங்கிய கடையில் யாரோ தொடங்கிக் கொடுத்தது, கடவுச்சொல் உரியவருக்கே தெரியாது. ஆகவே மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுத்துச் சேரும் வழியை விட்டுவிடுங்கள். பலரும் பயன்படுத்தக்கூடிய அழைப்பு இணைப்பு ஒன்றை உருவாக்கிப் பழைய வாட்ஸ்அப் குழுவிலேயே அனுப்புங்கள். அதை குரோமில் திறக்கச் சொல்லி, கூகுள் வழியாகச் சேரும் பொத்தானை அழுத்தினால், கைபேசியில் ஏற்கெனவே உள்ள கணக்கைக் காட்டும். அதைத் தொட்டால் பெரும்பாலும் கடவுச்சொல் கேட்பதில்லை. பிறகு ஸூலிப் செயலியை நிறுவி, நிறுவன முகவரியைக் கொடுத்து, மீண்டும் கூகுள் வழியாகவே உள்ளே வர வேண்டும். இணைப்பு வழக்கமாக 10 நாளில் காலாவதியாகிவிடும். மலையிலுள்ள எல்லோரையும் அதற்குள் பிடிக்க முடியாதென்றால், உருவாக்கும்போதே காலத்தை நீட்டித்துக்கொள்ளுங்கள். கையோடு அந்த ஜிமெயில் கணக்குக்கு மீட்பு எண்ணாக அவரவர் கைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. கைபேசி பழுதாகி மாற்றும் நாளில் அது உதவும்.

முதல் வாரத்தில் மட்டும் ஒருவர் பொறுப்பேற்று, தலைப்பு தவறிய செய்திகளை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த எஸ்டேட்டில் இதை ரைட்டர் (தோட்டக் கணக்கெழுதுபவர்) செய்தார். யாரையும் கடியாமல் நகர்த்தியதால் மற்றவர்கள் பார்த்தே பழகிக்கொண்டார்கள்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்து அமைத்த சிலர், கைபேசியில் அறிவிப்பு வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நேரடிச் செய்திக்கும் பெயர் குறித்து அழைக்கும் செய்திக்கும் அறிவிப்பு வரும். சேனலில் பொதுவாக எழுதும் செய்திக்கு இயல்பாக வராது. வேண்டிய சேனலுக்கு மட்டும் அதன் அமைப்பில் கைபேசி அறிவிப்பை இயக்கலாம். இயந்திரங்கள் சேனலுக்கு மட்டும் இயக்குவதே போதும், எல்லாவற்றுக்கும் இயக்கினால் பழைய வாட்ஸ்அப் குழுவின் நிலைதான் திரும்பும். அப்படியும் வரவில்லை என்றால் கைபேசியின் பேட்டரி அமைப்பைப் பாருங்கள். சில கைபேசிகள் பின்னணியில் இயங்கும் செயலிகளை நிறுத்திவிடுகின்றன. ஸூலிப்புக்கு அந்தக் கட்டுப்பாட்டை நீக்கி, அறிவிப்பு அனுமதி கொடுக்கப்பட்டுள்ளதா என்றும் சரிபாருங்கள்.