சூளைக் குழந்தைகளுக்கு உதவக் கிளம்பும் முன்

பல்லடம், சோமனூர் பக்கம் தறியிலும் சூளையிலும் வேலை செய்யும் குடும்பங்களின் குழந்தைகளுக்கு உதவ நினைத்தால், தயவுசெய்து பிஸ்கட் பாக்கெட்டோடு போகாதீர்கள். முதலில் அங்கன்வாடி அக்காவைப் பாருங்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை இடது மேற்கையின் நடுச்சுற்றளவை நாடாவால் அளக்கலாம்; 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் ஊட்டச்சத்துக் குறைவு, கவனம் வேண்டும், 11.5க்கும் கீழே போனாலோ இரண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ அது சத்துமாவால் மட்டும் தீராது, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும், அம்மாவுக்கு இழக்கும் கூலியையும் ஆட்டோ காசையும் நீங்கள் கொடுத்தால் அதுதான் பெரிய உதவி. மற்ற குழந்தைகளுக்கு ராகி, பொட்டுக்கடலை, நிலக்கடலை வறுத்து அரைத்த மாவு, கஞ்சியில் ஒரு ஸ்பூன் எண்ணெய், முடிந்தால் முட்டை. பூசணம் பிடித்த கடலை ஒன்றுகூடச் சேரக் கூடாது. அப்புறம், மாதாமாதம் அதே குழந்தைகளை எடை போட்டுப் பாருங்கள்.